லோ பாஸ் ரொம்ப மந்தம்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "தராசு ரிப்பேர்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். கல்யாணப் பந்தியில் அதற்கு மேல் விளக்கினால் எதிரில் இருப்பவர் அப்பளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தொழிற்சாலைகளில் எடையோ வெப்பமோ அழுத்தமோ எதை அளக்கிற கருவியாக இருந்தாலும், அது பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீடு, ஒரு சின்னக் கார், அதன் பின்சீட்டில் இரண்டு கருவிப் பெட்டிகள், காலுக்கு இரும்பு வைத்த சப்பாத்து ஒரு ஜோடி. என் கம்பெனி அவ்வளவுதான். முதலாளியும் நான், தொழிலாளியும் நான், இருவருக்கும் அடிக்கடி சண்டை வரும்.

கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் ஒரு மசாலாத் தூள் ஆலையிலிருந்து போன் வந்தபோது தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. பேசியவர் அங்கே சூப்பர்வைசர்.

"தங்கச்சி, நீங்க வந்தாத்தான் ஆகும் லா. மிஷினு நம்பர் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது."

"நாளைக்கு வரேண்ணே."

"நாளைக்கா? இன்னிக்கு வர முடியாதா?"

அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்குப் பிடித்தது. எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அவசரப்படுகிறவர்களைக் கண்டால் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி இருக்கும். ஃபெடரல் ஹைவே ஜாமைத் திட்டிக்கொண்டே அன்றைக்கே போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஆலையில் இரண்டு பாஸ்கள். ஆலைக்குச் சொந்தக்காரர் ஒரு அம்மா, அவர் பெரிய பாஸ். கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி தொங்கும், வார்த்தைகளை அளந்து பேசுவார். எனக்குப் போன் செய்த சூப்பர்வைசரை எல்லோரும் சின்ன பாஸ் என்பார்கள். ஆள் மட்டும் சின்னவர் இல்லை. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆடி அசைந்துதான் நடப்பார், ஆனால் வாய் ஓயாது. வேலைக்காரர்களிடம் அதட்டலும் கிண்டலும் ஒரே மூச்சில் வரும்.

புதிதாக வந்திருந்தது ஒரு பொட்டல இயந்திரம். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கொஞ்ச காலம் ஓடி நின்றிருந்ததைச் சின்ன பாஸ்தான் கண்டுபிடித்து, வாங்கலாம் என்று பெரிய பாஸை ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறார். மேலே தொட்டியிலிருந்து மசாலாத் தூள் இறங்கும். நடுவில் ஒரு எடை வாளி. அரைக் கிலோ சேர்ந்ததும் மேல் கதவு மூடிக்கொள்ளும், வாளி கவிழ்ந்து தூள் பைக்குள் விழும். ஒரு பெரிய பேரங்காடி இவர்கள் தூளை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது. ஆனால் முதலில் அவர்கள் ஆள் வந்து பொட்டலங்களை நிறுத்துப் பார்ப்பார். குறைந்தாலும் கூடினாலும் ஆகாது.

"மிஷினைப் பாத்தியா தங்கச்சி? தங்கம்!" என்று அதன் பக்கவாட்டைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். எல்லாரும் இருக்கிறப்ப பெரிய பாஸ்கிட்ட, 'இது சரியா ஓடலைன்னா நான் வீட்டுக்குப் போயிடறேன் பாஸ்'னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பெரிய பாஸிடம் பேச்சுக்கு என்று எதையும் சொல்லிவிட முடியாது. அவர் எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்கிறவர்.

"வீட்டுல உட்கார்ந்தா என் பொண்டாட்டி ஒரே வாரத்துல என்னைத் துரத்திடுவா. அது பரவாயில்ல. காலையில எழுந்து எங்க போறதுன்னு தெரியாம நிக்கணுமே, அதை என்னால தாங்க முடியாது லா."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சரி, இந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் முதல் அதிர்ச்சி. எடை வாளியின் காதில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது.

"ஐயோ, யாரு இதை இங்க கட்டினது?"

கீழேயிருந்து, அரைக்கிற சத்தத்துக்கு மேல் ஒரு குரல் வந்தது. "நான்தான்மா. திருஷ்டிக்கு." பை ஒட்டுகிற அக்கா அவர். இயந்திரத்துக்குப் பூசை போட்ட அன்றைக்கு எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் இருந்ததாம்.

"அக்கா, இது எடை வாளி. எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து நிறுக்குது. அது காயக் காய எடை வேற குறையுது."

"அப்ப எங்க கட்டறது?"

"கைப்பிடிக் கம்பியில கட்டுங்க. சாமிக்குத் தெரியும்."

எலுமிச்சம்பழம் இடம் மாறியது. எண்ணின் ஆட்டம் மாறவில்லை. திரையில் எடை நானூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்றுப் பத்து, நானூற்று எண்பது என்று துள்ளிக்கொண்டிருந்தது. காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. மிளகாய் அரைக்கும் இயந்திரம் தடதடவென்று தரையையே உலுக்கிக்கொண்டிருந்தது. வாளியில் உண்மையாகத் தூள் ஏறுவதும் அந்த உலுக்கலும் ஒன்றாகக் கலந்து திரைக்கு வந்தன. எங்கள் தொழிலில் இந்த வேண்டாத ஆட்டத்துக்கு இரைச்சல் என்றுதான் பெயர், காதில் கேட்காவிட்டாலும்.

இதற்கு மருந்து அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. லோ பாஸ் ஃபில்டர் என்பார்கள். அதுவும் ஒரு வடிகட்டிதான். மெதுவாக மாறுவதை உள்ளே விடும், வேகமாகத் துள்ளுவதைத் தடுத்து நிறுத்தும். எப்படித் தடுக்கிறது? புதிதாக வருகிற எண்ணை அது உடனே நம்பாது. பழைய எண்ணையே பெரும்பாலும் வைத்துக்கொண்டு, புதியதில் கொஞ்சம் மட்டும் சேர்த்துக்கொள்ளும். என் மாமியார் இப்படித்தான். ஒரு நாள் நான் சாம்பார் நன்றாக வைத்தால் அவர் அபிப்பிராயம் மாறாது, ஒரு நாள் கெடுத்தாலும் மாறாது. ஒரு மாதம் விடாமல் நன்றாக வைத்தால், "பரவாயில்லையே" என்பார். ஆகவே அவர் சொல்வதை நம்பலாம். என்ன, ஒரு மாதம் தாமதமாக வரும்.

அந்தத் தாமதத்தில்தான் அன்றைக்கு எனக்கு மூக்கு உடைந்தது. எனக்கு அவசரம். சின்ன பாஸுக்கு என்னை விட அவசரம். லோ பாஸை நன்றாக இறுக்கிவிட்டேன். துள்ளிக்கொண்டிருந்த எண் அப்படியே அடங்கி நின்றது. "பாத்தீங்களா, தங்கச்சின்னா தங்கச்சிதான்!" என்று அவர் கூரை அதிரக் கத்தினார். மணி ஆகிவிட்டது என்று நான் கிளம்பினேன். கிள்ளான் வரை வந்து, ஜாம் குறையட்டும் என்று ஒரு கடையில் ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, பை ஒட்டும் அக்கா, என்னையும் சேர்த்திருந்த ஆலை வாட்ஸாப் குழுவில் படம் போட்டிருந்தார். பொட்டலங்கள் எல்லாம் கொழுத்திருந்தன.

படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எண் அமைதியாக இருக்கிறது, ஆனால் தாமதமாக வருகிறது. வாளியில் அரைக் கிலோ சேர்ந்த பிறகும் கருவி இன்னும் சேரவில்லை என்றே நினைக்கிறது. அது உணர்ந்து கதவை மூடுவதற்குள் மேலும் ஒரு கை தூள் விழுந்துவிடுகிறது.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மற்றவர்கள் மாதிரி தமிழை ரோமன் எழுத்தில் அடிக்க மாட்டேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்தில்தான் அடிப்பேன். ரொட்டி வருவதற்குள் அடித்தேன்:

"லோ பாஸ் ரொம்ப மந்தம். இப்படியே விட்டால் எல்லாப் பொட்டலமும் கெடும். நாளைக்கே மாற்றிவிடலாம்."

உடனே பெரிய பாஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் குறியைப் போட்டார். நல்லது, ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று ரொட்டியைப் பிய்த்தேன்.

மறுநாள் காலை போனால் சின்ன பாஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலை வணக்கம்ணே."

"வாங்க மேடம்."

மேடமா? நேற்று வரைக்கும் தங்கச்சி. ராத்திரியில் எனக்கு எப்படி இந்தப் பதவி உயர்வு வந்தது? கோப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. கிண்டல் இல்லை. இயந்திரம் இருக்கும் இரும்பு மேடையின் மேல் ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டு, நான் செய்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் நிற்பார், கைப்பிடிக் கம்பியில் சாய்வார், பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிப்போவார். கொஞ்சம் கழித்து மறுபடி வருவார். நம் மேல் ஏதோ கோபம், ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம். ஆனால் யாராவது முறைத்தால் பதிலுக்கு முறைப்பது என் பிறவிக் குணம்.

அந்த வாரம் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அரைக்கும் இயந்திரத்தின் காலடியில் தடித்த ரப்பர் வைத்து உலுக்கலைப் பிறக்கிற இடத்திலேயே பாதியாகக் குறைத்தேன். அதனால் லோ பாஸை அவ்வளவு இறுக்க வேண்டியிருக்கவில்லை. மீதி உலுக்கல் அடங்குகிற அளவுக்கு மட்டும் இறுக்கி, தூள் ஏறும் வேகத்துக்கு ஈடுகொடுக்கிற அளவுக்குத் தளர்த்தினேன். கொஞ்சம் மிச்சமிருந்த தாமதத்துக்கு, கதவு சற்று முன்னாடியே மூடும்படி சொல்லிவைத்தேன். பொட்டலங்கள் அளவெடுத்த மாதிரி விழ ஆரம்பித்தன. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

அப்புறம் திடீரென்று மறுபடி எண் நகர்ந்தது. இந்த முறை துள்ளவில்லை. மெல்ல மேலே போனது, அங்கேயே நின்றது, மெல்ல இறங்கியது. சில பொட்டலம் கூடுதல், சில பொட்டலம் குறைவு. சற்று நேரம் கழித்து எல்லாம் சரியானது. பிறகு மறுபடி. ஒயரைப் பார்த்தேன், இணைப்புகளைப் பார்த்தேன், மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். லோ பாஸால் இதைத் தடுக்க முடியாது. மெதுவாக மாறுகிற எதையும் அது உண்மை என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். பொய்யே ஆனாலும் நிதானமாகச் சொன்னால் அது நம்பும்.

சோதனைக்கு இரண்டே நாள் இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது பை ஒட்டும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் சின்ன பாஸ் கண்ணுதாம்மா. அவரு வந்து நின்னாலே மிஷினு கெட்டுப்போவுது. நீங்க அப்படி எழுதினதுல இருந்து அவரு மனசு சரியில்ல."

"நான் என்ன எழுதினேன்?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து, குழுவில் நான் போட்டதை எனக்கே வாசித்துக் காட்டினார். "லோ பாஸ் ரொம்ப மந்தம். நாளைக்கே மாத்திடலாம்னு போட்டிருக்கீங்க. பெரிய பாஸும் சரின்னு விரலைத் தூக்கிட்டாங்க."

"ஆமா, லோ பாஸ்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அட கடவுளே. லோ பாஸ்! கீழ் பாஸ். சின்ன பாஸ்!

ஆங்கிலத்தில் அது பாதையில் போக விடுகிற பாஸ், இது அதிகாரம் செய்கிற பாஸ். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பாஸ்தான். ரோமன் எழுத்தில் அடித்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. தமிழ் மேல் வைத்த பற்று ஒரு பெரிய மனிதரை மந்தம் என்று திட்டி, நாளைக்கே மாற்றச் சொல்லி, ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது. முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் விஷயம் புரிந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு அந்த ஒரு வாரம் சின்ன பாஸ் எப்படி வேலைக்கு வந்திருப்பார் என்று நினைத்ததும் சோற்றை மூடிவைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்த மனிதர் அவர்.

கையைக் கழுவிவிட்டு நேரே மேடைக்குப் போனேன். அவர் வழக்கம் போலக் கைகட்டி நின்றிருந்தார்.

"அண்ணே, இங்க வாங்க. லோ பாஸைக் காட்டறேன்."

"எனக்குத் தெரியும் மேடம். கண்ணாடில தினமும் பாக்கறேன்."

"அண்ணே!" என்று அதட்டினேன். கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்து திரைக்கு முன்னால் நிறுத்தினேன். அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். "இது என்னன்னு வாசிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். "எல்... ஓ... டபிள்யூ. லோ. அப்புறம் பி..."

"எந்த பி?"

"பி தான்."

"பங்சாருக்கு வர்ற பி-யா, பினாங்குக்கு வர்ற பி-யா?"

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பினாங்கு பி," என்றார் மெதுவாக. அதிகாரம் செய்கிற பாஸுக்கு வருவது பங்சாரின் பி, போக விடுகிற பாஸுக்குத்தான் பினாங்கின் பி.

"அதான்ணே! அந்த மந்தம் இந்த லோ பாஸ். மிஷினுக்குள்ள இருக்கிற வடிகட்டி. நம்பரு லேட்டா வந்துச்சு, அதை மாத்தறேன்னு சொன்னேன். உங்களைச் சொல்லவே இல்ல. சத்தியமா."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வாரத்து இறுக்கம் மெல்லக் கழன்றது. "அப்ப நான் இல்லியா?"

"நீங்க இல்லவே இல்ல!"

"பெரிய பாஸு ஏன் விரலைத் தூக்கினாங்க?"

"அவங்களுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தானே வாசிக்கத் தெரியும்? கக்கூஸ் தொட்டி அடைச்சிருக்குன்னு ஒருத்தரு போட்டதுக்கும் விரலைத் தூக்கினாங்களே, மறந்துட்டீங்களா?"

உடனே கைப்பேசியை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தார். கக்கூஸ் தொட்டிக்குக் கீழே கட்டைவிரல் இருந்தது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்க, ஆலை முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "அலாமாக்! இதுக்கா நான் ஒரு வாரமா சோறு இறங்காம கிடந்தேன்!" என்று சொல்லிச் சந்தோஷத்தில் கைப்பிடிக் கம்பியில் பொத்தென்று சாய்ந்தார்.

திரையில் எண் மெல்ல மேலே போனது.

"அண்ணே, அசையாதீங்க."

"ஏன், என்னா?"

"அப்படியே ரெண்டு அடி பின்னால போங்க."

போனார். எண் மெல்ல இறங்கியது. வரச் சொன்னேன். வந்து சாய்ந்தார். ஏறியது. மறுபடி போகச் சொன்னேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணே," என்றேன். "அது நீங்கதான்."

"இப்பத்தானே நான் இல்லைன்னு சத்தியம் பண்ணீங்க!"

விஷயம் இதுதான். மேடை இரும்புத் தகடு போட்டது. அவர் ஏறி நின்றால் ஒரு மயிரிழை கீழே அமுங்குகிறது. மேல் தொட்டியும் கூடவே இறங்குவதால், அதை எடை வாளியோடு இணைக்கிற துணிக் குழாய் வாளியைக் கொஞ்சம் கீழே அழுத்துகிறது. நான் ஒல்லி, அதுவும் ஒரே இடத்தில் நிற்கிறேன். அசையாமல் நிற்கிற பாரத்தைப் பூஜ்யத்தோடு சேர்த்துக் கழித்துவிடலாம். அவரோ கவலையில் வருவதும் போவதுமாக இருந்தார். அதுவும் அவர் பாணியில், நிதானமாக.

"வேகமா வந்து வேகமா போயிருந்தீங்கன்னா லோ பாஸ் உங்களைத் தடுத்திருக்கும். நீங்க மெதுவா வர்றதால, வாங்கன்னு உள்ள விட்டுடுது."

அவர் எண்ணையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "அப்ப நீங்க எழுதினது சரிதானே தங்கச்சி," என்றார். "லோ பாஸ் ரொம்ப மந்தம்தான்."

தங்கச்சி! எனக்கு உயிர் வந்தது.

தொட்டியின் சட்டத்துக்குத் தனியாகக் கால் வைத்துத் தரையில் ஊன்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் வெல்டிங் செய்கிறவர் தீபாவளி கழித்துத்தான் வருவேன் என்றார். சோதனை அன்றைக்கு யாரும் மேடையில் நடமாடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அன்று மாலையே சின்ன பாஸ் ஒரு டப்பா மஞ்சள் சாயம் வாங்கிவந்து, மேடைப் படிக்கட்டின் அடியில் தரையில் முழங்காலிட்டு, தன் கையாலேயே ஒரு கோடு போட்டார். கோட்டைப் போட்டு முடித்துவிட்டு அதற்கு வெளிப்பக்கம் நின்று இயந்திரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நான் பாத்து வாங்கின மிஷினு. அது ஓடறதை நான் பக்கத்துல நின்னு பாக்கக் கூடாது, இல்ல?"

"ஒரு நாளைக்குத்தானேண்ணே," என்றேன்.

சோதனை நாளில் பேரங்காடி அதிகாரி தன் தராசோடு வந்தார். மலாய்க்காரர், இனிமையாகப் பேசினார், உடம்பில் நம் சின்ன பாஸுக்கு அண்ணன். பெரிய பாஸ் வரவேற்றுக் கீழே நாற்காலி காட்டினார். அவர் உட்காரவில்லை. கணக்கெடுக்கத் தொடங்குமுன் இயந்திரத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லி, மஞ்சள் கோட்டை என்னவோ கோலம் என்று நினைத்தவர் போலத் தாண்டி, மேடைப் படிகளில் ஏறிவிட்டார். மேலே நான் திரைக்கு முன்னால் நின்றிருந்தேன். எண் மெல்ல நகர்ந்தது. அவர் இந்தப் பக்கம் வந்து தொட்டியைப் பார்த்தார், அந்தப் பக்கம் போய் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். எண்ணும் அவரோடு போய் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்த விருந்தாளியைப் பார்த்து, ஐயா நீங்கள் கனம், கீழே இறங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? பெரிய பாஸுக்கும் புரிந்துவிட்டது. கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டு நின்றார். "இங்கேயே நின்று பார்க்கிறேனே," என்று அதிகாரி மலாயில் சொன்னார்.

அப்போது கோட்டுக்கு வெளியிலிருந்து அந்தக் கூரை அதிர்கிற குரல் வந்தது.

"என்சிக்! மாரி மினும் டுலு!"

ஐயா, முதலில் வந்து ஏதாவது குடியுங்கள் என்ற அழைப்பு. எட்டிப் பார்த்தேன். சின்ன பாஸ் ஒரு கையில் தே தாரிக் டீ, மறு கையில் முறுக்குத் தட்டோடு நின்றிருந்தார். அவர் மனைவி சுட்டுக் கொடுத்த தீபாவளி முறுக்கு, இந்த ஆலையின் மிளகாய்த்தூள் போட்டது. "பனாஸ் லாகி!" என்றார், இன்னும் சூடாக இருக்கிறது என்று. அந்த வாசனைக்கு நானே இறங்கியிருப்பேன். அதிகாரி தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெல்ல ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியை விட்டு அவர் கால் தரையில் பட்டதும் எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. சின்ன பாஸ் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார், முறுக்கு தீரத் தீர நிரப்பினார், எழுந்திருக்கவே விடவில்லை.

பை ஒட்டும் அக்கா பொட்டலங்களைக் கீழே அனுப்ப, அதிகாரி ஒரு கையால் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக நிறுத்தார். அரைக்கும் இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. நான் மூச்சைக் கூட எண்ணி விட்டேன். பாதியில் சின்ன பாஸ் நைசாக நழுவி, வெளியே லோரி நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார். தன்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை என்று பின்னால் சொன்னார். மேலே இருந்த எனக்கு ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. லோரிச் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அதிகாரி தராசை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாஸிடம் ஏதோ சொன்னார். அரைக்கும் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெரிய பாஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவர் முகத்தில் என்றைக்குமே தெரியாது. அதிகாரியை வாசல் வரை அனுப்பிவிட்டு வந்து, பை ஒட்டும் அக்காவைக் கூப்பிட்டு, இருவரும் ஒரு கைப்பேசியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அக்கா ஏதோ காட்டிக்கொடுக்க, பெரிய பாஸ் ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தார்.

என் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எல்லோர் பையிலும் அதிர்ந்திருக்கும். ஆங்கிலத்தைத் தவிர வேறெதிலும் அடிக்காத, கட்டைவிரலைத் தவிர வேறு குறி அறியாத பெரிய பாஸ் தமிழில் எழுதியிருந்தார்:

"லோ பாஸ் பாஸ்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சின்ன பாஸ் கைப்பேசியை எட்டத்தில் பிடித்தார், கண்ணாடியைத் தேடிப் போட்டார், கிட்டத்தில் பிடித்தார். பிறகு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு லோரியின் மேல் சாய்ந்தார். அவர் தோள் குலுங்கியது. நானும் கொஞ்சம் அழுதேன், என்ன இப்போ?

அரைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். உள்ளே வந்தவர் நேரே என்னிடம் கைப்பேசியை நீட்டினார். "தங்கச்சி, இது எந்த லோ பாஸு? பினாங்கா, பங்சாரா?"

"ரெண்டும்தாண்ணே."

பழக்கத்தில் படியேறப் போனவர் மஞ்சள் கோட்டின் முனையில் சட்டென்று நின்றார். இயந்திரம் ஓடவில்லை, ஆனாலும் நின்றார். பெரிய பாஸ் எப்போது மேலே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. என் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவரைக் குனிந்து பார்த்தார்.

"வீட்டுக்குப் போறேன்னு சொன்னீங்களே, போகலையா?"

"முடியாது பாஸ். ஓவர்டைம் இருக்கு."

"அப்ப ஏன் கீழ நிக்கறீங்க? ஏறி வாங்க," என்றார் பெரிய பாஸ்.